தமிழ்த் தரவுத்தளங்களின் உள்சேமிப்பைக் காண்டல்: ஊர்ப்பெயர்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழாய்வில் சொல்லடைவு, ஊர்ப்பெயர்த் தொகுப்பு, களஆய்வுத் தரவு முதலியவற்றைத் தரவுத்தளங்களாக அமைக்கும் வழக்கம் பெருகி வருகின்றது. அவற்றிலிருந்து பெறும் எண்ணிக்கைகள் ஆய்வேடுகளில் சான்றுகளாக வைக்கப்படுகின்றன. ஆயினும் கணினி எண்ணுவது திரையில் தோன்றும் எழுத்துகளை அன்று. கோப்பினுள் சேமிக்கப்பட்டிருக்கும் பைட்டுகளையே ஆகும். இவ்விரண்டும் வேறுபடும் இடங்களைக் காட்சிக் கருவிகளின் துணையுடன் நேரில் காண இயலும் என்பதையும், அவ்வாறு காண்பது தரவுவழி ஆய்வின் நெறிமுறையில் ஒரு பகுதியாக அமைய வேண்டும் என்பதையும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் வழியே இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், உள்சேமிப்பு, எஸ்க்யூலைட், ஒருங்குறி, இயல்பாக்கம், அகரவரிசை, பாடவேறுபாடு

1. முன்னுரை

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடுகளுள் ஒன்று எழுத்து மயக்கம். சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடுவதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் வரும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவது எச்சொல் என்பதைப் பொருளும் யாப்பும் கொண்டு பதிப்பாசிரியர் துணிந்தார். துணிய இயலாத இடங்களில் பாடவேறுபாடாகக் காட்டினார்.

இன்றைய தரவுத்தளங்களிலும் இதனையொத்த மயக்கம் ஒன்று உள்ளது. சுவடியில் ஒரே வடிவம் இரு எழுத்துகளைக் குறித்தது. தரவுத்தளத்தில் ஒரே எழுத்து இரு வேறு பைட்டுத் தொடர்களாகச் சேமிக்கப்படக்கூடும். சுவடியைப் படித்தவர் ஐயுறுவதற்கு வாய்ப்பிருந்தது. திரையில் படிப்பவருக்கோ இரண்டும் முற்றும் ஒன்றாகத் தோன்றுவதால் ஐயமே எழுவதில்லை. கணினி அவற்றை வேறு வேறு சொற்களாக எண்ணித் தரும் தொகை அப்படியே ஆய்வு முடிபாகிவிடுகின்றது.

இதனை விளக்க, விருதுநகர் மாவட்டத்து ஊர்ப்பெயர்கள் மூன்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. அவை இராசபாளையம் வட்டத்துச் சோழபுரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்பன. ஊர்ப்பெயராய்வு செய்வோர் எவரும் தம் கணினியில் இவ்வெடுத்துக்காட்டுகளை அமைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

2. தரவுத்தளமும் காட்சிக் கருவிகளும்

எஸ்க்யூலைட் என்பது ரிச்சர்டு ஹிப் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தரவுத்தள மென்பொருள் ஆகும். இதன் மூன்றாம் வடிவம் 2004இல் வந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியிலும் இதுவே உள்ளது. அட்டவணைகள், சுட்டுவரிசைகள், அவற்றின் வரையறைகள் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் அடக்குவதாலும், அக்கோப்பின் அமைப்பு முழுமையாக ஆவணப்படுத்தப்பட்டிருப்பதாலும், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரவுத்தொகுப்புகளுக்குப் பரிந்துரைக்கும் சேமிப்பு வடிவங்களுள் ஒன்றாக இதனைக் கொண்டுள்ளது. தனி ஆய்வாளர் வழங்கியின்றித் தம் மடிக்கணினியிலேயே பயன்படுத்தத்தக்கது என்பதும் இதனைத் தேர்ந்தமைக்குக் காரணமாகும்.

இதன் உள்சேமிப்பைக் காண இருவகைக் கருவிகள் வேண்டும். முதலாவது, டிபி பிரௌசர் ஃபார் எஸ்க்யூலைட் என்னும் கட்டற்ற மென்பொருள். அட்டவணையின் ஒரு கட்டத்தைச் சொடுக்கினால் அதன் உள்ளடக்கத்தைப் பக்கத்துப் பலகத்தில் எழுத்தாகவும் பைட்டுகளாகவும் மாற்றி மாற்றிக் காணலாம். இரண்டாவது, கோப்பு முழுவதையும் பைட்டு வரிசையாகக் காட்டும் பைட்டு நோக்கி. கைதாய் ஸ்ட்ரக்ட் என்னும் கருவியின் இணையவழிப் பணியிடம் இதில் ஒரு படி மேலானது. எஸ்க்யூலைட் கோப்பை அதில் இட்டால், தலைப்பகுதியின் உறுப்புகள் ஒருபுறம் கிளைப்படமாக விரியும். ஓர் உறுப்பைச் சொடுக்கினால் அதற்குரிய பைட்டுகள் மறுபுறம் வண்ணமிட்டுக் காட்டப்படும்.

பைட்டு நோக்கிகள் பொதுவாகப் பதினாறடிமான எண்களையே காட்டும். படிப்போர் எளிமை கருதி அவை இக்கட்டுரையில் பதின்ம எண்களாகத் தரப்படுகின்றன.

3. கோப்பின் அமைப்பு

எஸ்க்யூலைட் கோப்பு சம அளவுள்ள பக்கங்களாகப் பகுக்கப்பட்டது. 2016 முதல் ஒரு பக்கத்தின் இயல்பான அளவு 4096 பைட்டு. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இது 8192ஆகவும், மைஎஸ்க்யூஎல் பயன்படுத்தும் இன்னோடிபியில் 16384ஆகவும் இருக்கும். அளவு வேறாயினும் பக்கமே சேமிப்பின் அலகு என்பது இவை யாவற்றுக்கும் பொது.

கோப்பின் முதல் 100 பைட்டு தலைப்பகுதி. இதன் முதல் 16 பைட்டுகளில் எஸ்க்யூலைட் மூன்றாம் வடிவம் என்பதை அறிவிக்கும் ஆங்கிலத் தொடர் இருக்கும். சுழியத்திலிருந்து எண்ணினால் 16, 17ஆம் இடங்களில் பக்க அளவு அமையும். அங்கே 16, 0 என்று இருப்பின் 16 × 256 = 4096 எனக் கொள்ள வேண்டும். 56ஆம் இடம் முதல் நான்கு பைட்டுகள் குறியாக்கத்தைச் சுட்டும். அவற்றின் மதிப்பு 1 எனில் யூடிஎஃப்-8. 2 அல்லது 3 எனில் யூடிஎஃப்-16இன் இரு வகைகள்.

அட்டவணை, சுட்டுவரிசை ஆகியவற்றின் இலை, கிளைப் பக்கம் ஒவ்வொன்றும் தன் வகையைச் சொல்லும் ஒரு பைட்டுடன் தொடங்கும் (முதற்பக்கத்தில் மட்டும் இது 100 பைட்டுத் தலைப்பகுதிக்குப் பின் வரும்). 13 என்பது அட்டவணையின் நிரைகளைத் தாங்கும் இலைப்பக்கம். 5 என்பது அவ்விலைகளுக்கு வழிகாட்டும் கிளைப்பக்கம். சுட்டுவரிசைக்கு இவை முறையே 10, 2 ஆகும்.

இப்போது எண், ஊர் என்னும் இரு நிரல்கள் மட்டும் கொண்ட ஓர் அட்டவணையை அமைத்துப் பின்வரும் நான்கு நிரைகளை வரிசையாக இடுவதாகக் கொள்வோம். எண் என்பது முழுவெண் முதன்மைத் திறவு.

1. சோழபுரம் (ஓகாரக் குறி ஒரே குறியெண்ணாக)
2. சோழபுரம் (இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியெண்களாக)
3. ஸ்ரீவில்லிபுத்தூர் (முதலெழுத்து ஸகரம்)
4. ஸ்ரீவில்லிபுத்தூர் (முதலெழுத்து ஶகரம்)

மாற்றங்களைச் சேமித்தபின் கோப்பின் அளவு 8192 பைட்டு, அதாவது இரண்டு பக்கம். முதற்பக்கம் அட்டவணையின் வரையறையைத் தாங்கும். இரண்டாம் பக்கம் நிரைகளைத் தாங்கும். இயல்பான அமைப்பில் இரண்டாம் பக்கத்தின் முதல் 16 பைட்டுகள் இவ்வாறு இருக்கும்:

13 0 0 0 4 15 77 0 15 227 15 195 15 136 15 77

13 என்பது இலைப்பக்கம். அடுத்த 0 0 என்பது விடுபட்ட இடம் எதுவும் இல்லை என்பதாகும். 0 4 என்பது நான்கு கலங்கள் உள்ளன என்பதைக் குறிக்கும். 15 77 என்பது 3917. உள்ளடக்கம் பக்கத்தின் 3917ஆம் இடத்தில் தொடங்குகின்றது. அதனையடுத்த 0, பக்கத்தில் சிதறல்கள் இல்லை என்று சொல்லும். எஞ்சிய எட்டு பைட்டுகள் நான்கு நிரைகளின் இருப்பிடங்களை இரண்டிரண்டு பைட்டாகத் தருகின்றன: 4067, 4035, 3976, 3917. முதலில் இட்ட நிரை பக்கத்தின் கடைசியில் இருப்பதையும், பின்னர் வந்தவை அதற்கு முன்னே முன்னே அமர்வதையும் இவ்வெண்கள் காட்டுகின்றன. முகவரிகள் மேலிருந்து கீழும் உள்ளடக்கம் கீழிருந்து மேலும் வளர்ந்து, இடையில் வெற்றிடம் எஞ்சுகின்றது.

4. சோழபுரம்: ஒரு பெயர், இரு சேமிப்பு

முதல் நிரையைத் தாங்கும் கலம் 4067ஆம் இடத்தில் இவ்வாறு தொடங்கும்:

27 1 3 0 61 224 174 154 224 175 139 …

27 என்பது பதிவின் நீளம். 1 என்பது நிரையின் எண். 3 என்பது பதிவுத் தலைப்பின் நீளம். 0 என்பது எண் நிரலுக்கு உரியது (அதன் மதிப்பு முன்னரே நிரை எண்ணாக வந்துவிட்டமையின் மீண்டும் எழுதப்படவில்லை). 61 என்பது ஊர் நிரலின் வகையும் நீளமும் சேர்ந்த எண். எழுத்துத் தரவாயின் பைட்டு நீளத்தை இரட்டித்து 13 கூட்டிய தொகை இங்கே வரும். 24 × 2 + 13 = 61. எனவே பெயரின் நீளம் 24 பைட்டு.

இரண்டாம் நிரையின் கலம் 4035ஆம் இடத்தில் உள்ளது:

30 2 3 0 67 224 174 154 224 175 135 224 174 190 …

இங்கு 67 என்பதால் பெயரின் நீளம் 27 பைட்டு. திரையில் எவ்வகை வேறுபாடும் தோன்றாத இரு பெயர்களுள் ஒன்று மற்றொன்றைவிட மூன்று பைட்டு நீண்டிருப்பதற்குக் காரணம் ஓகாரக் குறியாகும். ஒருங்குறியில் தமிழ் எழுத்தொவ்வொன்றின் குறியெண்ணும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டு கொள்ளும். முதல் நிரையில் ஓகாரக் குறி 3019 என்னும் ஒரே குறியெண் (224 175 139). இரண்டாம் நிரையில் அது இரட்டைக்கொம்பு 3015 (224 175 135), துணைக்கால் 3006 (224 174 190) என இரண்டாகப் பிரிந்து நிற்கின்றது. தமிழ் மரபில் சோழபுரம் ஐந்து எழுத்து. முதல் வடிவில் அது எட்டுக் குறியெண். இரண்டாம் வடிவில் ஒன்பது.

இரண்டும் ஒன்றே என்பது ஒருங்குறித் தரத்தின் விதி. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றும் ஔ என்னும் உயிரும் இவ்வாறு இரு வடிவில் எழுதப்படலாம் என்றும், ஒப்பிடும்போது அவை நிகராகக் கொள்ளப்பட வேண்டும் என்றும் அது வகுத்துள்ளது. ஆனால் எஸ்க்யூலைட் அவ்விதியைத் தானாகப் பின்பற்றுவதில்லை. தரப்பட்ட பைட்டுகளைத் தரப்பட்டவாறே எழுதி, தேடும்போதும் பைட்டுகளையே ஒப்பிடுகின்றது. சோழபுரம் என முதல் வடிவில் தேடினால் இரண்டாம் நிரை வராது. பெயர்வாரியாகத் தொகுத்து எண்ணினால் சோழபுரம் இருமுறை, ஒவ்வொன்றும் தனித்தனித் தொகையுடன் நிற்கும்.

பிரிந்த வடிவம் தரவில் நுழையும் வழிகளுள் முதன்மையானது பழைய குறியாக்கங்களிலிருந்து செய்யப்படும் மாற்றம். டிஸ்கி முதலிய எட்டு பிட்டுக் குறியாக்கங்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே, கொம்பு முதலிலும் மெய் அடுத்தும் கால் இறுதியிலுமாகச் சேமிக்கப்பட்டன. மாற்றும் நிரல் கொம்பை மெய்க்குப் பின்னே நகர்த்தியதோடு நின்றுவிட்டால் கொம்பும் காலும் இணையாமலே தங்கிவிடும். வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வழியில் மாற்றப்பட்ட மின்னுரைகளை ஒரே தொகுப்பில் சேர்ப்போர் இவ்விரு வடிவங்களையும் எதிர்பார்த்தல் வேண்டும்.

இவ்வேறுபாட்டைக் களையும் வழி எளிது. ஒருங்குறி வகுத்துள்ள என்எஃப்சி என்னும் இயல்பாக்க முறை, பிரிந்த குறிகளை இணைத்து ஒரே வடிவாக்கும். போஸ்ட்கிரஸில் 2020இல் வந்த 13ஆம் பதிப்பு முதல் இதற்கெனச் செயற்கூறு உள்ளது. எஸ்க்யூலைட்டில் அது உள்ளமையாகாததால், பைத்தான் முதலிய மொழிகளில் இயல்பாக்கம் செய்தபின் தரவை உள்ளிட வேண்டும்.

5. ஸ்ரீவில்லிபுத்தூர்: இயல்பாக்கத்திற்கு அடங்காதது

மூன்றாம், நான்காம் நிரைகளின் சிக்கல் இதனின் வேறானது. இரண்டு கலங்களிலும் நீளத்தைக் குறிக்கும் எண் 121. எனவே இரண்டும் 54 பைட்டு, 18 குறியெண். நீளத்தை ஒப்பிட்டு வேறுபாட்டைக் கண்டறிய இயலாது. பெயரின் முதல் மூன்று பைட்டுகளைப் பார்த்தால் ஒன்றில் 224 174 184 என்றும் மற்றொன்றில் 224 174 182 என்றும் இருக்கும். முன்னது ஸ, பின்னது ஶ.

ஶ என்னும் கிரந்த எழுத்து 2005இல் ஒருங்குறியின் 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் ஸ்ரீ என்னும் கூட்டெழுத்தை ஸகரத்தைக் கொண்டே அமைக்க முடிந்தது. பின்னர் ஶகரத்தைக் கொண்டு அமைப்பதும் வழக்கிற்கு வந்தது. பல எழுத்துருக்களில் இரு தொடர்களும் ஒரே வடிவமாகவே தோன்றும். ஆயினும் ஸ, ஶ இரண்டும் தனித்தனி எழுத்துகள் ஆதலின் ஒருங்குறி இவற்றை நிகராகக் கொள்வதில்லை. என்எஃப்சி இயல்பாக்கம் இதனைத் தொடுவதுமில்லை. ஆய்வாளரே விதியொன்று வகுத்து ஒன்றாக்க வேண்டும்.

இத்தகைய வடிவொப்புமைகள் வேறும் உள. ஔகாரக் குறியின் இடத்தில் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தட்டச்சிடுதல், ககரத்தின் இடத்தில் தமிழ் எண் ஒன்றையோ எகரத்தின் இடத்தில் தமிழ் எண் ஏழையோ இடுதல் ஆகியன அவற்றுட் சில. கண்ணுக்கே புலப்படாதனவும் உண்டு. இணையப் பக்கங்களிலிருந்து படியெடுக்கும்போது பெயரின் இறுதியில் ஒட்டிவரும் பிரியா இடைவெளி (194 160), எழுத்துகள் கூட்டாக இணைவதைத் தடுக்கும் அகலமிலாக் குறி (226 128 140) போன்றவை பைட்டுக் காட்சியில் மட்டுமே தெரியும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. ராஜபாளையம், இராஜபாளையம், இராசபாளையம் என்பனவும், ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர் என்பனவும் பைட்டுகளில் வேறுபடுகின்றன. ஆனால் அவை எழுதியவரின் தேர்வால் வந்தவை; கிரந்த எழுத்தை ஏற்றல், விலக்கல், மொழிமுதல் மரபைப் பேணல் ஆகியவற்றுக்குச் சான்றாவன. சோழபுரத்தின் இரு சேமிப்புகளோ எழுதியவர் அறியாமல் கருவியால் வந்தவை. பின்னதை ஒன்றாக்குவது திருத்தம். முன்னதை ஒன்றாக்குவது சான்றழிப்பு. பாடவேறுபாட்டையும் ஏடெழுதுவோர் பிழையையும் பதிப்பாசிரியர் பிரித்தறிந்தது போல இவ்விரண்டையும் பிரித்தறிதல் தரவுத்தளம் அமைப்பவரின் கடமையாகும். எது எது என்பதைக் கருவி சொல்லாது. வேறுபாடு உண்டு என்பதை மட்டுமே காட்டும்.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. சோழபுரம் என்னும் பெயர் தஞ்சாவூர் மாவட்டத்தில் கும்பகோணத்தை அடுத்தும் வழங்குகின்றது. இரண்டின் பைட்டுகளும் ஒன்றே, ஊர்கள் வேறு. ஆகவே பெயரையே அடையாளமாகக் கொள்ளாமல் ஒவ்வோர் ஊருக்கும் தனி எண் வழங்குதல் இன்றியமையாதது.

6. சுட்டுவரிசையும் அகரவரிசையும்

ஊர் நிரலுக்குச் சுட்டுவரிசை ஒன்றை அமைத்தால் கோப்பில் 10 என்னும் வகையெண்ணுடன் புதிய பக்கம் தோன்றும். அதில் பெயர்கள் வரிசைப்படுத்தப்பட்டு நிற்கும். அவ்வரிசை தமிழ் அகரவரிசை அன்று; பைட்டு மதிப்பின் வரிசை. பின்வரும் ஏழு சொற்கள் அகராதியில் நிற்கும் முறை:

பயிர், பலகை, பவளம், பழம், பள்ளி, பறவை, பனை

இவற்றையே சுட்டுவரிசைப் பக்கத்தில் கண்டால் முறை வேறாக இருக்கும்:

பனை, பயிர், பறவை, பலகை, பள்ளி, பழம், பவளம்

ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி இந்திய எழுத்துகளுக்கான பொது அமைப்பொன்றைத் தழுவி அமைந்தது. அதனால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் லகரத்தை அடுத்தும் இடம்பெற்றுள்ளன. மேலும் உயிர்களுக்குப் பின் வரவேண்டிய ஆய்தம் (2947) அகரத்திற்கு (2949) முன்னரே நிற்கின்றது. புள்ளியின் குறியெண் (3021) உயிர்க்குறிகள் அனைத்திற்கும் பிந்தியது ஆதலின், அகரமேறிய மெய்க்கு முன் வரவேண்டிய ஒற்று ஔகார வரிசைக்கும் பின்னே தள்ளப்படுகின்றது.

சொல்லடைவை அச்சிடுவோர் மட்டுமின்றி, ஓரெழுத்து முதல் மற்றோர் எழுத்து வரை என எல்லை வகுத்துத் தரவைப் பிரிப்போரும் இதனைக் கருத வேண்டும். யகரம் முதல் வகரம் வரை எனத் தமிழ் மரபை நினைந்து எல்லையிட்டால் ய, ர, ல, வ ஆகியனவே கிடைக்கும் என எதிர்பார்ப்போம். கிடைக்கும் தொகையிலோ ற, ள, ழ ஆகியனவும் கலந்திருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் வரிசைப்படி அமைந்த வரிசைத் திறவொன்றைத் தனி நிரலில் இட்டு அதன்மீது சுட்டுவரிசை அமைப்பது இதற்குத் தீர்வாகும்.

7. முழுவுரைத் தேடலில் வில்லும் வேலும்

பெருந்தொகுப்புகளில் சொற்களை விரைந்து தேட எஸ்க்யூலைட் எஃப்டிஎஸ்5 என்னும் முழுவுரைத் தேடல் வசதியைத் தருகின்றது. இதனை அமைத்தால் டிபி பிரௌசரின் அட்டவணைப் பட்டியலில் துணை அட்டவணைகள் சில புதிதாகத் தோன்றும். தேடலுக்குரிய சொற்கள் அவற்றுள் சேமிக்கப்படுகின்றன. அச்சொற்பட்டியலை நேரில் படித்துக் காட்டும் தோற்ற அட்டவணை ஒன்றையும் அமைத்துக்கொள்ளலாம்.

தமிழ்த் தொகுப்பொன்றில் அப்பட்டியலைத் திறந்து பார்ப்பவர் எதிர்பாராத ஒன்றைக் காண்பார். சோழபுரம் என்னும் சொல் அதில் இராது. ச, ழப, ரம என்னும் மூன்று துண்டுகள் இருக்கும். இயல்பான சொற்பிரிப்பு விதி ஒருங்குறியில் எழுத்து, எண், தனிப்பயன் ஆகிய வகைகளில் அடங்கும் குறியெண்களை மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கின்றது. தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் ஒருங்குறியில் எழுத்து வகையைச் சேர்ந்தன அல்ல. சேர்குறி வகையைச் சேர்ந்தன. எனவே அவை இடைவெளிக்கு நிகராகக் கருதப்பட்டுச் சொல் அங்கங்கே வெட்டப்படுகின்றது.

இதன் விளைவை இலக்கியச் சொற்களில் காண்க. வில், வேல், வால் ஆகிய மூன்றும் வ, ல என்னும் இரு துண்டுகளாகவே பதிகின்றன. வில் எனத் தேடுவோர்க்கு வேலும் வாலும் உடன்வரும். சங்க இலக்கியத்தில் படைக்கருவிகளைப் பற்றி ஆராய்பவர் இத்தொகையை நம்பினால் வில்லுக்கும் வேலுக்கும் உள்ள வேறுபாடே மறைந்துவிடும். தேடல் விடைகள் ஏராளமாக வருவதால் கருவி செம்மையாக இயங்குவதாகவே தோன்றும் என்பதும் கருதத்தக்கது.

திருத்தம் ஒருவரியில் முடிவது. முழுவுரை அட்டவணையை அமைக்கும்போதே, சொற்பிரிப்பு விதியின் வகைப்பட்டியலில் எம்என், எம்சி என்னும் சேர்குறி வகைகள் இரண்டையும் சேர்த்துவிட வேண்டும். அதன்பின் சொற்பட்டியலைத் திறந்தால் சொற்கள் முழுமையாக நிற்பதைக் காணலாம்.

8. நீக்கியபின் எஞ்சுவன

உள்சேமிப்பைக் காண்பதன் தேவை எண்ணிக்கையோடு முடிவதில்லை. மேற்காட்டிய அட்டவணையில் இரண்டாம் நிரையை நீக்கிச் சேமிப்பதாகக் கொள்வோம். அட்டவணைக் காட்சியில் அது மறைந்துவிடும். பைட்டு நோக்கியிலோ, இரண்டாம் பக்கத்தின் 4035ஆம் இடத்தில் 30 2 3 0 என்றிருந்த நான்கு பைட்டுகள் மட்டும் 0 0 0 32 என மாறியிருக்கும். இவ்விடத்தில் 32 பைட்டு விடுபட்டுள்ளது, இதற்கடுத்து வேறு விடுபட்ட இடம் இல்லை என்பது அதன் பொருள். பக்கத் தலைப்பில் 0 0 என்றிருந்த இடத்தில் 15 195 என 4035ஆம் இடத்தின் முகவரி வந்திருக்கும். அதனையடுத்த 67 என்னும் எண்ணும், சோழபுரம் என்னும் பெயரின் 27 பைட்டுகளும் அப்படியே இருக்கும். புதிய நிரையொன்று அவ்விடத்தை நிரப்பும் வரை, அல்லது கோப்பு மறுபடி கட்டப்படும் வரை அவை நிலைக்கும்.

ஊர்ப்பெயர் எஞ்சினால் தீங்கில்லை. நாட்டார் வழக்காற்றியல், சமூக மொழியியல் துறைகளில் களஆய்வுத் தரவுகளில் தகவலாளர்களின் பெயர், சாதி, தொலைபேசி எண் முதலியன பதிவு செய்யப்படுகின்றன. பெயரை வெளியிடமாட்டோம் என்னும் உறுதியின்பேரிலேயே பலர் பேசுகின்றனர். ஆய்வாளர் பெயர்களை நீக்கிவிட்டுத் தரவுத்தளக் கோப்பை நெறியாளருக்கோ பிற ஆய்வாளருக்கோ அனுப்பும்போது, நீக்கியவையும் அக்கோப்பினுள்ளே உடன்செல்லக்கூடும். அவற்றைப் படிக்கச் சிறப்புப் பயிற்சி எதுவும் வேண்டா. இலவசமாகக் கிடைக்கும் பைட்டு நோக்கி போதும்.

இதற்கும் தீர்வு உண்டு. டிபி பிரௌசரில் தரவுத்தளத்தைச் சுருக்கும் கட்டளை எஸ்க்யூலைட்டின் வேக்கியூம் என்னும் செயலை இயக்கும். அது நடப்பு நிரைகளை மட்டும் கொண்டு கோப்பைப் புதிதாகக் கட்டும். நீக்கும்போதே சுழியங்களால் அழித்தெழுதும் பாதுகாப்பு நீக்கல் அமைப்பையும் முன்கூட்டியே இயக்கி வைக்கலாம். எவ்வாறாயினும் அனுப்புமுன் கோப்பைப் பைட்டு நோக்கியில் திறந்து, நீக்கிய பெயரின் பைட்டுகளைத் தேடிப் பார்த்தலே உறுதியான சோதனை.

9. பின்பற்றத்தக்க நெறிகள்

மேற்கண்டவற்றைத் தொகுத்து, தரவுவழி ஆய்வு மேற்கொள்வோர் கடைப்பிடிக்கத்தக்க நெறிகளைப் பின்வருமாறு வகுக்கலாம்.

1. தரவை உள்ளிடுமுன் என்எஃப்சி இயல்பாக்கம் செய்க. தேடும் சொல்லுக்கும் அதே இயல்பாக்கத்தைச் செய்க.
2. மூலத்தில் உள்ள வடிவத்தை ஒரு நிரலிலும், ஒப்பிடுவதற்காகத் திருத்திய வடிவத்தை மற்றொரு நிரலிலும் வைக்க. ஒன்றாக்கிய விதிகளை எழுதி வைக்க.
3. நிரலில் வரும் குறியெண்கள் அனைத்தையும் பட்டியலிட்டு நோக்குக. தமிழ்ப் பகுதியாகிய 2944 முதல் 3071 வரையிலான எல்லைக்கு அப்பாற்பட்டவை எவை, தமிழ் எண்கள் எழுத்துகளிடையே வந்துள்ளனவா என்பன அதில் வெளிப்படும்.
4. ஐயத்திற்குரிய பெயர்களைப் பைட்டுக் காட்சியில் ஒப்பிடுக.
5. முழுவுரைத் தேடலை நம்புமுன் அதன் சொற்பட்டியலைத் திறந்து பார்க்க.
6. தரவைப் பகிருமுன் கோப்பைச் சுருக்கி, நீக்கியவை எஞ்சவில்லை என்பதைச் சோதிக்க.
7. குறியாக்கம், இயல்பாக்கம், வரிசைமுறை, சொற்பிரிப்பு விதி ஆகியவற்றை ஆய்வேட்டின் முன்னுரையில் குறிப்பிடுக.

இறுதியாகக் கூறியது வழக்கில் அருகியே காணப்படுகின்றது. பயன்படுத்திய பதிப்பு எது என்பதைச் சொல்லாமல் பாடலை மேற்கோள் காட்டுவதை எவரும் ஏற்பதில்லை. எவ்விதிப்படி எண்ணப்பட்டது என்பதைச் சொல்லாத எண்ணிக்கையையும் அவ்வாறே கருத வேண்டும்.

10. முடிவுரை

தரவுத்தளத்தின் உள்சேமிப்பு கணினி அறிவியலாருக்கு மட்டும் உரிய பொருள் என்னும் எண்ணம் தமிழாய்வாளரிடையே உள்ளது. அச்சேமிப்பில் இருப்பவை தமிழ் எழுத்துகள். ஓகாரக் குறி ஒன்றா இரண்டா, ஸகரமா ஶகரமா, ஆய்தம் எவ்விடத்தது, புள்ளி எழுத்தின் உறுப்பா சொல்லின் எல்லையா என்பன எழுத்திலக்கண வினாக்களே ஆகும். கருவியை ஆக்கியோர் ஏதேனும் ஒரு விடையைக் கொண்டே அதனை ஆக்கியுள்ளனர். அவ்விடை தம் ஆய்வுக்குப் பொருந்துமா என்பதை ஆராய்ந்து கொள்ளும் தகுதி தமிழறிந்தோர்க்கே உண்டு.

காட்சிக் கருவிகள் அவ்வாராய்ச்சிக்குரிய மூலத்தைக் கண்முன் வைக்கின்றன. சுவடியை நேரில் காணாமல் படியெடுத்தவர் சொல்லை மட்டும் நம்பிப் பதிப்பித்தல் எவ்வளவு குறையுடையதோ, சேமிப்பைக் காணாமல் திரையை மட்டும் நம்பி எண்ணுதலும் அவ்வளவு குறையுடையது. தரவுத்தளம் அமைக்கும் ஆய்வாளர் தம் கோப்பின் ஒரு பக்கத்தையேனும் பைட்டு பைட்டாகப் படித்தல் ஆய்வுநெறிப் பயிற்சியில் இடம்பெற வேண்டும்.